அனுமதி கேட்டு நடந்தவர்

தாக்ஸ்பி ஊரில் ஆல்வின் ஓக்டன் என்று ஒருவர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கும் அவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். மழையோ வெயிலோ, காலை ஒன்பதரைக்கு சர்ச்சின் பின்வாசல் வழியாக ஒரு பழுப்புக் கோட்டு வயல் பக்கம் இறங்கிப் போகும். அதுதான் ஆல்வின். வயது எழுபத்து ஆறு, கல்யாணம் ஆகவில்லை, நாய்கூடக் கிடையாது. நாய் இல்லாமல் தினமும் நடக்கிற ஆளை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். "தொந்தரவுக்கு மன்னிக்கணும், உள்ள வரலாமா?" என்பதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவார். மாவட்டத்தில் பாதி வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வீட்டிலும் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. கேட்காமல் இல்லை, கேட்பார்கள். "வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். சரி என்று விட்டுவிடுவார்கள். இரண்டாம் தடவை வற்புறுத்துவது எங்கள் ஊரில் நாகரிகம் இல்லை. இந்த நாகரிகத்தால் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு வீடு திரும்பியிருக்கிறார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிறகு மீட்டர்கள் தாமாகவே கணக்குச் சொல்லக் கற்றுக்கொண்டன. ஐம்பது வயதில் ஆல்வினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நடக்கிறார்.

அவர் நடந்தது பாதிரியார் பாதை. சர்ச்சுக்குப் பின்னால் இறங்கி, இரண்டு ஆட்டு வயல்களைக் குறுக்காகத் தாண்டி, ஒரு சின்னக் காட்டுக்குள் புகுந்து, ஓடையோரமாகவே போய் ஆர்பி ஊரில் ஏறும். ஒன்றரை மைல். ஒரு காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை இங்கே பிரசங்கத்தை முடித்துவிட்டு அங்கே ஓடுவார். நாடு முழுக்க ஊர்ப்பாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறிக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தபோது, எங்கள் பெரியவர்கள் பப்பில் உட்கார்ந்து, பீர் கோப்பைகளுக்கு நடுவே காகிதத்தை விரித்து வரைந்தார்கள். ஒன்பது பாதைகளை வரைந்தவர்கள் பத்தாவதை விட்டுவிட்டார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதை வேறு எதற்கு வரைவது என்று விட்டதாகச் சொல்லுவார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த பாதைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதம் ஒரு பூட்டு விழுந்தது. நிலத்துக்காரர் டக்வெல் கிழவர் இறந்து, பிள்ளைகள் விற்று, லண்டனிலிருந்து ஹார்க்னஸ் என்பவர் வாங்கியிருந்தார். இரும்பு கேட்டில் "தனியார் நிலம்" என்று பச்சைப் பலகை. ஆல்வின் அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்றார். அப்புறம் பலகையிடமே மன்னிப்புக் கேட்பவர் போலத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

மூன்றாம் நாள் அவர் கதவை யாரோ தட்டினார்கள். பார்சல்காரனைத் தவிர யாரும் தட்டாத கதவு அது. வெளியே ரொவீனா பிக்ஸ்லி நின்றிருந்தாள். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஊரின் நடைபாதைக் குழுச் செயலாளர். அவள் நடந்தால் பாதை தானாக ஒதுங்கும்.

"நீங்கதான அந்த பிரவுன் கோட்டு?"

"ஆமாங்க. மன்னிக்கணும்."

"எதுக்கு மன்னிப்பு? உள்ள கூப்பிடுங்க, மழை பெய்யுது."

சட்டம் என்ன சொல்கிறது என்று அவள் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினாள். இருபது வருஷம் ஜனங்கள் ஒரு வழியில் நடந்திருக்க வேண்டும். ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, வேலியை உடைத்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் நடந்திருக்கக் கூடாது. நம் வழி, நடக்கிறோம் என்று நடந்திருக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் பூட்டு உடையும். "ஊர்ல நாப்பத்தோரு பேரு வாரா வாரம் நடந்தேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா எல்லாம் வாய்ப்பேச்சு. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

ஆல்வின் அலமாரியைத் திறந்தார். வருஷத்துக்கு ஒன்றாக இருபத்து நான்கு குட்டி டைரிகள். ரொவீனா கைக்கு வந்த ஒன்றைப் பிரித்தாள். "மழை. இரண்டு முயல். ஆளில்லை." அடுத்த நாள். "மேகம். ஓடையில் மீன்கொத்தி. ஆளில்லை." அதற்கடுத்த நாள், அதற்கடுத்த நாள்.

"அட மனுஷா," என்றாள் ரொவீனா. "நீங்க தங்கச் சுரங்கம்யா!"

எழுபத்து நான்கு வருஷத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் காது சிவந்துபோனது.

அதன் பிறகு இரண்டு கோடைக்காலம் ஆல்வின் ஒரு மனிதராக வாழ்ந்தார். அரசாங்க வேலை நத்தை வேகம். விசாரணைக்குத் தேதி கிடைக்கவே அவ்வளவு நாள் ஆனது. அதுவரை வியாழக்கிழமை தோறும் குழு வேறு பாதைகளில் நடந்தது. முன்னால் நடப்பது ஆல்வின். எந்த வயலில் காளை நிற்கும், எந்தப் பலகைப் பாலம் வழுக்கும், மேட்டுப் பாதையில் எந்த வளைவில் நின்றால் கடல் ஒரு கோடாகத் தெரியும் என்று அவருக்குத்தான் தெரியும். பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு கல்சுவரில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறப்பார்கள். ரொவீனா முட்டை சாண்ட்விச்சை இரண்டாக வெட்டி, கேட்காமலே ஒரு பாதியை அவர் மடியில் வைப்பாள். "வேணாங்க" என்று அவர் சொல்லுவதற்குள் வைத்துவிடுவாள். அவளுக்கு எங்கள் ஊர் நாகரிகம் போதாது, நல்லவேளை.

பப் நடத்துகிற கிளெம் ஹார்ட்ரியும் வருவான். பாதி வழியிலேயே மூச்சு வாங்கும், ஆனால் வாய் ஓயாது. "யோவ் ஆல்வின், கொஞ்சம் மெதுவாப் போய்யா. உனக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா, தேஞ்சது செருப்பு மட்டுந்தான். எங்களுக்கு எல்லாமே தேஞ்சிருக்கு." எல்லாரும் சிரிப்பார்கள். ஆல்வினும் சிரிப்பார். தன்னைக் கேலி செய்ய ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முடி வெட்டிக்கொண்டார். யாராவது வந்தால் ஆகட்டும் என்று நல்ல பிஸ்கட் வாங்கி வைத்தார், வரவும் வந்தார்கள். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து "ஆல்வின்!" என்று யாராவது கூப்பிட்டால், முதல் சில மாதங்கள் அவர் திரும்பிப் பின்னால் பார்ப்பார்.

இரண்டாம் வருஷம் செப்டம்பரில், விசாரணைக்கு டைரிகளைத் தயார் செய்ய அவர் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். முதல் டைரி, அக்டோபர் ஒன்பது. அவர் கையெழுத்துதான்.

"வேலிப்படியில் மிஸ்டர் டக்வெல்லைப் பார்த்தேன். இந்த வழியாக நான் நடப்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். எப்போது வேண்டுமானாலும் நடந்துகொள் என்றார். மிகவும் நல்ல மனிதர்."

படித்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. டக்வெல் வேலியைத் தாண்ட வைத்திருந்த மரப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். "ஒத்த ஆளு நடந்து என் புல்லு தேஞ்சா போயிடும்? போய்யா, போ!" அவ்வளவுதான் பேச்சு. நிலத்துக்காரரே எழுப்ப நினைக்காத கேள்வி. நம் காலை மிதித்தவனிடம் நாமே மன்னிப்புக் கேட்கிற ஜாதி நாங்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி தாக்ஸ்பியில்தான் பிறந்திருக்க வேண்டும்.

டைரியை மூடிவிட்டு ஆல்வின் அன்று முழுக்க வெளியே போகவில்லை. டக்வெல் மண்ணுக்குள் போய்விட்டார். பார்த்த சாட்சி ஒரு செம்மறி ஆடுகூட உயிரோடு இல்லை. பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது. அடுப்பு இரண்டடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. பாதை போனால் போகட்டும், நடக்க வேறு ஒன்பது பாதை இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை போய்விடும், அந்த அரை சாண்ட்விச் போய்விடும். கிழிக்க நினைத்துப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாதவர் போல விட்டுவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மேட்டுப் பாதையில் ரொவீனாவோடு பின்தங்கி நடந்தார்.

"ரொவீனா, அந்த முதல் வருஷ டைரியில... டக்வெல்கிட்ட நான் ஒருதரம் கேட்டுட்டேன். நடக்கலாமான்னு."

ரொவீனா தொப்பியைக் காதுவரை இழுத்தாள். "காத்து பலமா இருக்கு ஆல்வின். ஒண்ணும் காதுல விழல."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"இருபது வருஷம்தான் கேக்குறாங்க. உங்ககிட்ட இருபத்து நாலு இருக்கு. எல்லாத்தையும் தூக்கிட்டு வரணும்னு ஒரு சட்டமும் இல்ல." சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். அன்று சாண்ட்விச் முழுசாக அவர் மடியில் விழுந்தது.

நவம்பரில் ஊர் மண்டபத்தில் விசாரணை. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அரசாங்கத்து அதிகாரி சளி பிடித்த மனிதர், மேசையில் கைக்குட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். ஹார்க்னஸ் தரப்பு வக்கீல் ஒரு இளம்பெண், மிகவும் மரியாதையானவள். ஆல்வின் பையில் இருபத்து நான்கு டைரிகளும் இருந்தன. முதல் டைரியை விட்டுவிட்டு வர இரண்டு முறை வாசல்வரை போய், இரண்டு முறையும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மிஸ்டர் ஓக்டன், இந்த வழியா நடக்க உங்களுக்கு யாராவது எப்பவாவது அனுமதி குடுத்தாங்களா?"

ஆல்வின் ரொவீனாவைப் பார்த்தார். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை அது வந்தது.

"டக்வெல் குடுத்தாருங்க. நான்தான் கேட்டேன்."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். வக்கீல் பெண் எழுந்தாள். "அதுக்காக அவருக்கு நன்றி ஏதாவது சொன்னீங்களா, ஐயா?"

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் ஆரஞ்சு மார்மலேடு குடுப்பேங்க. நானே காய்ச்சுனது. 'நடக்க விட்டதுக்கு நன்றி'ன்னு ஒரு சீட்டும் வெப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வக்கீல் பெண் டைரிகளைப் பார்க்க அனுமதி கேட்டாள். பத்து வருஷங்களிலிருந்து பத்துப் பக்கங்களைப் பிரித்துப் படித்தாள், ஒரு கேலியும் இல்லாத குரலில். "பனி. ஆளில்லை." "வெயில். ஆந்தை. ஆளில்லை." "ஆளில்லை." அப்புறம் நிமிர்ந்து, வாரா வாரம் நடந்ததாக எழுதிக் கொடுத்த நாற்பத்தோரு பேரும் எங்கே நடந்தார்கள் என்று கேட்டாள். அந்த நாற்பத்தோரு பேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பது சரி. இந்தத் தவளை குளத்தில் இருந்த மொத்தப் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

வெளியே வரும்போது கிளெம் மட்டும் தோளில் தட்டினான். "யோவ், மார்மலேடு குடுத்தே ஊரைக் கவுத்துட்டியேய்யா." அதுவே கிளெம் அவரிடம் அடித்த கடைசிக் கேலி.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நடந்தது ஒரே ஆள், அவரும் அனுமதியோடு நடந்தார். ஆகவே ஊர்ப்பாதை இல்லை.

யாரும் ஆல்வினைத் திட்டவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் பின்னால் சமாதானம் ஆகவேண்டி வருமே. பொய் சொன்னவர்களுக்குத்தான் வெட்கம், ஆனால் அதைச் சுமந்தது அவர். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வழக்கம்போல சர்ச் வாசலில் நின்றார். பத்தரை ஆனது. அடுத்த வாரமும் நின்றார். மூன்றாம் வாரம் சர்ச்சைப் பெருக்குகிற பெண் பார்த்துவிட்டு, "அவங்க இப்பெல்லாம் ஒம்போது மணிக்கே பப் வாசல்லேர்ந்து கெளம்பிடுறாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள். "சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன்," என்றார் ஆல்வின். அதிகாரி முன்னால் வராத பொய், அங்கே சுலபமாக வந்தது. வீட்டுக்கு வந்து பிஸ்கட்டைப் பிரித்தார். நமுத்துப்போயிருந்தது.

மார்ச் கடைசியில் கதவு தட்டப்பட்டது. ஆல்வின் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. ரொவீனா இல்லை. ஹார்க்னஸ், நாற்பது வயது, புத்தம் புது ரப்பர் பூட்ஸ், கள்ளம் இல்லாத முகம்.

"மிஸ்டர் ஓக்டன், அன்னிக்கு நீங்க உண்மையப் பேசினது என் மனசுலயே நின்னுடுச்சு. டக்வெல் குடுத்த அனுமதிய நான் எடுக்க மாட்டேன்." ஒரு சாவியை மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு கடிதம், கையெழுத்தோடு. "நீங்க எப்ப வேணா நடங்க. உங்களுக்கு மட்டும்."

"மத்தவங்க?"

"அவங்க யாரும் கேக்கவே இல்லையே," என்றார் ஹார்க்னஸ், ஆச்சரியமாக.

அந்த மனிதர் மேல் கோபப்படவும் வழியில்லை. டீ குடிக்கிறீர்களா என்று ஆல்வின் கேட்டார். வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லி அவர் போய்விட்டார்.

சாவி மூன்று வாரம் மேசையிலேயே கிடந்தது. அதைச் சுற்றித் தட்டை வைத்துச் சாப்பிட்டார், அதைத் தள்ளாமல் மேசையைத் துடைத்தார். அப்புறம் ஒரு காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார். காட்டில் நீலப்பூ பூத்திருக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொன்னார். உண்மையில் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

பூட்டு நன்றாக எண்ணெய் போட்டிருந்தது. உள்ளே போய், விதிப்படி மறுபடியும் பூட்டினார். இரண்டு வருஷத்தில் தடம் மறைந்து புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது. காட்டுக்குள் நீலப்பூக்கள் தரை தெரியாமல் பூத்துக் கிடந்தன. அவர் நின்று பார்த்தார். இருபத்து நான்கு வசந்தம் இதே இடத்தில் தனியாக நின்று பார்த்து நிறைந்துபோன மனசு, இன்றைக்கு நிறையவில்லை. முட்டாளே, இதைப் போய் யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டார். தனிமை என்பது அவருக்குப் பழகிய கோட்டாக இருந்தது. இப்போது அது குளிர்ந்தது.

காடு முடிகிற இடத்தில் பாதையும் தார்ச்சாலையும் நடுவே ஒரு வேலி மட்டும் இருக்கப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். பேச்சுச் சத்தம் கேட்டது. சிவப்பு, மஞ்சள், ஊதா மழைக்கோட்டுகள். அன்று வியாழக்கிழமை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாதை இல்லாததால் கூட்டம் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு, கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, வரிசையாக ஆர்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ரொவீனா, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிளெம்.

ஒளிய இடம் இல்லை. ஒளிந்தும் பழக்கம் இல்லை. பூட்டிய நிலத்துக்குள், பூக்களுக்கு நடுவே, கையில் சாவியோடு அவர் நின்றார். பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

'நான் கேட்கவில்லை, அவராகத்தான் கொடுத்தார்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ரொவீனா பேசிவிட்டாள்.

"குட் மார்னிங்," என்றாள், இதமாக, தலையை லேசாக அசைத்து.

எங்கள் நாட்டில் நடைபாதையில் எதிரே வருகிற யாருக்கும் அப்படிச் சொல்லுவோம். எங்கிருந்தோ வந்து, எங்கேயோ போகிற, பேர் தெரியாத ஆளுக்கு. தெரிந்தவர் என்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவோம், கேலி செய்வோம், மழையைப் பற்றிப் புலம்புவோம். வெறும் குட் மார்னிங் அந்நியருக்கு.

"குட் மார்னிங்," என்றார் ஆல்வினும்.

அவள் நடந்தாள். பின்னால் ஒவ்வொருவராக, வேலிக்கு அந்தப் பக்கம் அவரைக் கடக்கும்போது, "குட் மார்னிங்", "குட் மார்னிங்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பதில் சொன்னார். கடைசியில் வந்த கிளெம் ஒரு நொடி தயங்கினான், வாயைத் திறந்தான். பிறகு அவனும் அதையே சொல்லிவிட்டுப் போனான்.

சத்தம் வளைவைத் தாண்டி மறையும்வரை ஆல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். அழுகை வந்தது, அழுதார். அப்புறம் மிச்சப் பாதையை நடந்து முடித்தார். அந்த மாதம் முழுக்க மனிதர்கள் அவரிடம் பேசிய பேச்சு அது மட்டும்தான்.